சிகரமும் அடிக்கோடும்

மூட்டுவலிக்கு வாங்கும் மாத்திரை அட்டையின் பின்பக்கம் ‘டைக்ளோஃபெனாக் சோடியம் 50 மி.கி.’ என்று அச்சிட்டிருக்கும். காலாவதித் தேதியைப் பார்த்து வாங்குபவர்கள் உண்டு, விலையைப் பார்ப்பவர்கள் அதிகம். அந்த ஐம்பதைச் சந்தேகிப்பவரை மருந்துக்கடை வாசலில் நான் கண்டதில்லை. சந்தேகித்தாலும் என்ன செய்ய முடியும்? மாத்திரையில் மருந்து ஒரு பங்குதான். மிச்சமெல்லாம் மாவு, லாக்டோஸ், டால்க், மேல்பூச்சு, நிறம். கண்ணுக்கும் நாக்குக்கும் எட்டாத அந்த ஐம்பதை யாரோ ஒருவர் நமக்காகப் பார்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்த யாரோ ஒருவராக ஒரு மருந்துத் தொழிற்சாலையின் தரக்கட்டுப்பாட்டு ஆய்வகத்தில் சம்பளம் வாங்கியவள் நான்.

ஐம்பது என்றால் ஐம்பதே என்று பொருள் இல்லை. அமெரிக்க மருந்து நூல் இந்த மாத்திரைக்கு 90 முதல் 110 விழுக்காடு வரை இடம் தருகிறது. அதாவது 45 மில்லிகிராமும் ஐம்பதுதான், 55ம் ஐம்பதுதான். பிரிட்டிஷ் நூல் கொஞ்சம் கறார், 95 முதல் 105. இதை ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். லட்சக்கணக்கில் மாத்திரை அடித்துத் தள்ளும் இயந்திரத்துக்கு அந்த அளவு சலுகை இல்லாமல் முடியாது. ஆனால் 45க்கும் 55க்கும் நடுவில் இருக்கிறது என்பதையாவது உறுதியாகச் சொல்ல வேண்டுமே. அதை எப்படிச் சொல்வது என்பதில்தான் கடந்த நூற்றாண்டின் மருந்துப் பகுப்பாய்வு வரலாறு பெரும்பாலும் அடங்கியிருக்கிறது.

பழைய வழி டைட்ரேஷன். வலியையும் வீக்கத்தையும் குறைக்கும் மருந்துகளில் பல அமிலங்கள்: ஆஸ்பிரின், இபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக். அமிலம் என்றால் காரத்தைக் கொட்டிக் கணக்கெடுக்கலாம். ப்யூரெட்டைத் திறந்து சொட்டுச் சொட்டாக விட்டு, நிறம் மாறும் இடத்தில் நிறுத்தி, எத்தனை மில்லி செலவானது என்று பார்த்தால் போதும். மலிவானது, கச்சிதமானது, கை பழகியவருக்கு இரண்டாம் தசமம்வரை பிசகாது. குறை வேறு இடத்தில் இருந்தது. ஆஸ்பிரினை எடுத்துக்கொள்ளுங்கள். ஈரக்காற்று பட்டால் அது சாலிசிலிக் அமிலமாகவும் அசிட்டிக் அமிலமாகவும் உடையும். பழைய ஆஸ்பிரின் புட்டியைத் திறந்தால் வினிகர் வாடை வருவது அதனால்தான். ஆஸ்பிரினை மிகையான காரத்தில் கொதிக்கவைத்து, மீந்த காரத்தை அளக்கும் முறையில் ஒரு மூலக்கூறு ஆஸ்பிரின் இரண்டு பங்கு காரத்தைத் தின்னும். உடைந்துபோன ஆஸ்பிரினின் இரண்டு துண்டுகளும் சேர்ந்து தின்பதும் அதே இரண்டு பங்குதான். ஆக, முழு மருந்துக்கும் சிதைந்த மருந்துக்கும் ப்யூரெட் ஒரே விடையைச் சொல்லும். எவ்வளவு என்ற கேள்விக்குத் துல்லியமான பதில். யார் என்ற கேள்வியோ கேட்கப்படவே இல்லை. சாலிசிலிக் அமிலத்தைத் தேட இரும்பு உப்பு போட்டு ஊதா நிறம் வருகிறதா என்று தனியாக ஒரு சோதனை வைத்திருந்தார்கள்.

முதலில் ஆளைப் பிரி, அப்புறம் எண்ணு என்ற யோசனை மருந்துக்காரர்களிடமிருந்து வரவில்லை. 1903இல் வார்சாவில் மிகயில் ஸ்வெட் என்ற ரஷ்யத் தாவரவியலாளர் இலைச் சாற்றைச் சுண்ணத்தூள் அடைத்த கண்ணாடிக் குழாயில் ஊற்றிப் பச்சை, மஞ்சள் பட்டைகளாகப் பிரித்ததை விவரித்தார். அன்றைய பெரிய வேதியியலாளர்கள் அதைப் பொருட்படுத்தவில்லை. 1919இல் அவர் இறந்து, 1931இல் ஹைடல்பர்க்கில் கூனும் லெடரரும் அந்த முறையைத் தூசி தட்டி எடுக்கும்வரை அது கிடப்பில் இருந்தது. பிறகு லீட்ஸ் நகரின் கம்பளி ஆராய்ச்சி நிலையத்தில் மார்ட்டினும் சிங்கும் 1941இல் அதற்குக் கணக்கோடு கூடிய கோட்பாடு தந்தார்கள்; 1952இல் நோபல் பரிசு. துகளைச் சிறிதாக்கி அழுத்தத்தைக் கூட்டினால் பிரிப்பு கூர்மையாகும் என்று அந்தக் கட்டுரையிலேயே சொல்லியிருந்தார்கள். அதைச் செய்துகாட்ட ஆள் வர இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆனது: யேல் பல்கலைக்கழகத்தில் ஹங்கேரியிலிருந்து வந்த சாபா ஹோர்வாத். உயர்திறன் திரவ வண்ணப்பிரிகை, சுருக்கமாக எச்.பி.எல்.சி., என்று ஆய்வகங்கள் இன்று அழைக்கும் கருவி அங்கிருந்து வளர்ந்தது. ஸ்வெட்டுக்கு இருந்த வசதி ஒன்று நமக்கு இல்லை. அவருடைய பட்டைகளுக்கு நிறம் உண்டு, கண்ணால் பார்த்தார். டைக்ளோஃபெனாக் தண்ணீர் மாதிரி நிறமற்றுக் கரைந்துவிடும். புற ஊதா ஒளியில் 276 நானோமீட்டர் பக்கம் அது ஒளியை விழுங்குவதை ஒரு மின்கண் பார்த்துச் சொல்கிறது. நாம் அந்தக் கண் வரையும் கோட்டைப் பார்க்கிறோம்.

கருவியின் இதயம் ஒரு எஃகுக் குழல். 25 சென்டிமீட்டர் நீளம், உள்ளே 4.6 மில்லிமீட்டர் அகலம். சட்டைப்பையில் போட்டுக்கொள்ளலாம், விலையைக் கேட்டால் போட்டுக்கொள்ளத் தோன்றாது. உள்ளே 5 மைக்ரான் அளவுள்ள சிலிக்கா மணிகள். ஒவ்வொரு மணியின் மேலும் 18 கார்பன் நீளமுள்ள சங்கிலிகள் முடிபோல முளைத்திருக்கும். எண்ணெய்ப் பசையான பரப்பு அது. அதன் வழியே தண்ணீரும் அசிட்டோநைட்ரைலும் கலந்த கரைசலைப் பம்பு நூறு, நூற்றைம்பது வளிமண்டல அழுத்தத்தில் தள்ளும். ரங்கநாதன் தெருவின் ஒரு முனையில் பத்துப் பேரை ஒரே நொடியில் இறக்கிவிட்டால் கடைக்குக் கடை நிற்பவர் மறுமுனைக்குக் கடைசியாக வருவார், எதையும் திரும்பிப் பாராதவர் முதலில் வருவார். அவ்வளவுதான் தத்துவம். பாரசிட்டமாலுக்குத் தண்ணீர் பிடிக்கும், மூன்று நிமிடத்தில் வெளியே வந்துவிடும். டைக்ளோஃபெனாக் எண்ணெய்ப் பரப்பில் ஒட்டி ஒட்டி நின்று பின்னால் வரும். இரண்டும் சேர்ந்த மாத்திரைகள் இந்தியாவில் ஏராளம். முன்பு அவற்றைப் பிரிக்க வேண்டுமானால் நாள்கணக்கில் மல்லுக்கட்ட வேண்டும்.

ஒட்டுவதும் நழுவுவதும் புளிப்பைப் பொறுத்தது. கரைசலின் பி.எச். 2.5இல் இருந்தால் டைக்ளோஃபெனாக் தன் ஹைட்ரஜனை விடாமல் வைத்துக்கொண்டு மின்னூட்டம் இல்லாமல் இருக்கும், பரப்பில் நன்றாக ஒட்டும். பி.எச். 7க்குப் போனால் ஹைட்ரஜனைக் கைவிட்டு மின்னூட்டம் பெற்று நீரோடு ஓடிவிடும். நடுவில் 4க்கு அருகே வைத்தால் பாதி இப்படி, பாதி அப்படி. பஃபர் தயாரிப்பவர் கொஞ்சம் அசந்தால் சிகரம் இன்று எட்டாம் நிமிடம், நாளை ஆறாம் நிமிடம். ஆகவே மருந்துக்குத் தடுமாற்றம் வராத இடத்தில் பி.எச்.சை நிறுத்துவார்கள். புதிதாக வேலைக்குச் சேருபவர் பஃபர் தயாரிப்பதைக் கடைநிலை வேலை என்றுதான் நினைப்பார்.

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குக் கருவிதான் எல்லாம் செய்கிறது என்று தோன்றும். இருபது மாத்திரைகளை எடை போட்டுச் சராசரி எடுத்து, கல்வத்தில் பொடித்து, அதில் 50 மில்லிகிராம் மருந்துக்கு ஈடான பொடியை நிறுத்துக் குடுவைக்குள் போடுவது கையால்தான். குடலில்தான் கரைய வேண்டும் என்பதற்காகப் பூசிய மேலோடு கல்வத்தில் செதில் செதிலாக உரிந்து, பொடியாகாமல் சண்டித்தனம் செய்யும். அந்தச் செதிலில் மருந்து இல்லை, ஆனால் எடை இருக்கிறது. அதைத் தள்ளிவிட்டுப் பொடியை மட்டும் நிறுத்தால் மருந்து அதிகமாகத் தெரியும். வலிக்குத் தடவும் களிம்பு இன்னும் மோசம். 1.16 விழுக்காடு டைக்ளோஃபெனாக் டைஎத்திலமீன் என்று அதில் போட்டிருப்பது 1 விழுக்காடு சோடியம் உப்புக்குச் சமம். அந்த ஒரு விழுக்காட்டை ஜெல்லின் வலைக்குள்ளிருந்து பிரித்தெடுக்க மெத்தனால் ஊற்றி, அல்ட்ராசோனிக் தொட்டியில் குலுக்கி, கட்டி கட்டியாக மிதப்பது கரையும்வரை நிற்க வேண்டும். பொறுமையில்லாமல் வடிகட்டினால் வடிதாளில் மருந்தும் தங்கிவிடும். கருவி அப்போது 91 என்று சொல்லும். அது பொய் சொல்லவில்லை. தன்னிடம் வந்துசேர்ந்ததைத்தான் எண்ணியது.

எண்ணியது என்பதும் சரியான சொல் இல்லை. கருவிக்கு மில்லிகிராம் தெரியாது. அதற்குத் தெரிந்தது சிகரத்தின் பரப்பளவு மட்டும். அளவு தெரிந்த தூய டைக்ளோஃபெனாக்கின் கரைசலை ஐந்தாறு முறை செலுத்தி, பரப்பளவுகள் ஒன்றுக்கொன்று 2 விழுக்காட்டுக்கு மேல் விலகவில்லை என்று பார்த்துக்கொண்டு, பிறகு மாத்திரைக் கரைசலைச் செலுத்தி இரண்டையும் ஒப்பிடுகிறோம். ஆக, கிடைக்கும் எண் ஓர் ஒப்பீடு. அந்தத் தூய பொருள் எங்கிருந்து வருகிறது? காசியாபாத்தில் இருக்கும் இந்திய மருந்து நூல் ஆணையம் சின்னச் சின்னப் புட்டிகளில் தருகிறது. அதன் மேலும் ஒரு விழுக்காடு போட்டிருக்கும், நூறு என்று இருக்காது. 99.6, 99.8 என்று ஏதாவது. அதை வேறு முறைகளில், வேறு ஆய்வகங்களில் அளந்திருப்பார்கள். அவர்கள் எதோடு ஒப்பிட்டார்கள் என்று கேட்டுக்கொண்டே போனால் கடைசியில் ஒரு தராசும் சில மனிதர்களின் கையெழுத்துகளும் மிஞ்சும். இதைச் சொன்னால் சிலர் எல்லாமே பொய்தானா என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கையெழுத்துப் போட்டவர் யார் என்று தேடிப்போகக் கூடிய எண், தேடவே முடியாத எண்ணைவிட மேலானது.

ஆனால் கையெழுத்து இருக்கும் இடத்தில் ஆசையும் இருக்கும். திரையில் சிகரம் எழும்புவதைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள். நான் பழகியது கீழே ஓடும் அடிக்கோட்டைப் பார்க்க. பரப்பளவு என்பது சிகரத்துக்கும் அடிக்கோட்டுக்கும் இடைப்பட்டது. கோட்டை எங்கே தொடங்கி எங்கே முடிப்பது என்று மென்பொருள் ஒரு விதியின்படி முடிவுசெய்யும். வேண்டுமானால் மனிதர் சுட்டியால் நகர்த்தலாம். சிகரம் வால் விட்டு இறங்கும்போது கோட்டை ஒரு மயிரிழை முன்னால் முடித்தால் மாசு குறைந்து 0.5 விழுக்காட்டு வரம்புக்குள் வந்துவிடும். நியாயமான நகர்த்தலும் உண்டு. இரண்டுக்கும் வித்தியாசம் கோட்டைப் பார்த்தால் தெரியாது, எல்லா சிகரங்களுக்கும் ஒரேபோல நகர்த்தினாரா, காரணம் எழுதினாரா என்று பார்த்தால்தான் தெரியும். “சும்மா ஒரு ட்ரையல் போட்டுப் பாரும்மா, நல்லா வந்தா சாம்பிள் பேரு குடுத்து ஓட்டிக்கலாம்” என்று ஒரு மேலாளர் சொல்வார். குரலில் மிரட்டல் இருக்காது, அக்கறைகூட இருக்கும். பெயரில்லாமல் ஓட்டும் அந்த ஓட்டத்தில் மாத்திரை தோற்றால் அது ட்ரையல். தேறினால் அது முடிவு. பின்னாளில் அமெரிக்க மருந்து நிர்வாகத்தின் எச்சரிக்கைக் கடிதங்களில் இதே பழக்கம் பல இந்தியத் தொழிற்சாலைகளைப் பற்றி எழுதப்பட்டிருந்ததைப் படித்தபோது எனக்கு ஆச்சரியம் வரவில்லை.

அமெரிக்காவிலேயே 1993இல் பார் லேபரட்டரீஸ் என்ற நிறுவனத்தின் வழக்கில் நீதிபதி ஆல்ஃபிரட் வோலின் இதைத் தொட்டார். ஒரு தொகுதி சோதனையில் தோற்றால், தேறும்வரை திரும்பத் திரும்பச் சோதிப்பதும், தோற்ற எண்ணையும் தேறிய எண்களையும் சேர்த்துச் சராசரி போடுவதும் ஏற்க முடியாதவை என்றார். ஒரு ஓட்டத்தில் 89, அடுத்ததில் 92 வந்தால் சராசரி 90.5, மாத்திரை தேறிவிடும். சராசரிக்குப் பின்னால் அந்த 89 மறைந்துபோகிறது. ஏன் 89 வந்தது என்று தேட வேண்டும்; ஆய்வகத்தின் தவறு என்று நிரூபிக்காமல் அதைத் தூக்கிப்போட உரிமை இல்லை. வேதியியல் படிக்காத ஒரு நீதிபதி வேதியியலாளர்களுக்குப் புள்ளியியல் சொல்லிக்கொடுத்த அந்தத் தீர்ப்பு எந்தப் பாடநூலையும்விட ஆய்வகங்களை மாற்றியது.

நடுவில் ஒன்று. 2008 கடைசியில் உலகம் முழுக்க அசிட்டோநைட்ரைல் கிடைக்காமல் போயிற்று. அதை யாரும் தனியாகத் தயாரிப்பதில்லை. அக்ரிலோநைட்ரைல் தயாரிக்கும்போது ஓரமாக வந்து சேரும் பொருள் அது. அக்ரிலோநைட்ரைல் போவது கார் பாகங்களுக்கான பிளாஸ்டிக்குக்கும் செயற்கைக் கம்பளிக்கும். அந்த ஆண்டு பொருளாதாரம் சரிந்து கார் விற்பனை படுத்தது, ஒலிம்பிக்ஸுக்காகச் சீனா தொழிற்சாலைகளை மூடியது, ஐக் புயல் டெக்சாஸில் ஓர் ஆலையை நிறுத்தியது. விளைவு: கார் வாங்க ஆளில்லாததால் மாத்திரையைச் சோதிக்கக் கரைப்பான் இல்லை. பலர் மெத்தனாலுக்கு மாறினார்கள். அழுத்தம் எகிறும், சிகரங்கள் இடம் மாறும், முறையை மறுபடி மெய்ப்பிக்க வேண்டும். துல்லியம் என்பது எதன்மேல் எல்லாம் உட்கார்ந்திருக்கிறது என்று அப்போதுதான் பலருக்கும் தெரிந்தது.

சோதனையில் தேறிய மருந்தைப் பற்றியும் சொல்ல வேண்டும்; அதுதான் எனக்கு அதிகம் உறுத்துவது. டைக்ளோஃபெனாக்கை சால்மனும் ஃபிஸ்டரும் உருவாக்க, சீபா-கைகி நிறுவனம் 1970களில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. நல்ல மருந்து, எத்தனையோ முழங்கால்களை நடக்கவைத்திருக்கிறது. இந்தியத் துணைக்கண்டத்தில் அதை மாடுகளுக்கும் போட்டார்கள். வலியில் கிடக்கும் மாட்டுக்கு மலிவான மருந்து கிடைத்தால் போடாமல் என்ன செய்வார்கள்? அந்த மாடு செத்தால் பாறுகள், அதாவது பிணந்தின்னிக் கழுகுகள், தின்னும். 1990களிலிருந்து 2007க்குள் இந்தியாவில் வெண்முதுகுப் பாறு ஆயிரத்துக்கு ஒன்று என்ற அளவுக்கு அருகிப்போனது. நோய்க்கிருமி, பூச்சிக்கொல்லி என்று பலவற்றைச் சந்தேகித்தார்கள். 2004இல் லிண்ட்சே ஓக்ஸும் குழுவினரும் பாகிஸ்தானில் செத்த பாறுகளின் சிறுநீரகத்தை அரைத்து இதே திரவ வண்ணப்பிரிகைக்குள் செலுத்தினார்கள். உள்ளுறுப்புகளில் யூரிக் அமிலம் படிந்து இறந்திருந்த 25 பறவைகளில் 25இலும் டைக்ளோஃபெனாக் சிகரம் இருந்தது. வேறு காரணத்தால் இறந்திருந்த 13இல் ஒன்றில்கூட இல்லை.

அந்த மாடுகளுக்குப் போட்ட ஊசிமருந்தில் பெரும்பாலானவை சோதனையில் ஒழுங்காகத் தேறியிருக்கும் என்றுதான் நினைக்கிறேன். புட்டியில் எழுதியிருந்தது உள்ளே இருந்தது. மருந்து சரியாக இருந்ததுதான் பாறுகளுக்கு வினையானது. போலி மருந்தாக இருந்திருந்தால் பிழைத்திருக்கும். உடல் எடையில் கிலோவுக்கு 0.1 முதல் 0.2 மில்லிகிராம் போனாலே இந்தப் பறவைகளில் பாதி செத்துவிடும். ஐந்து கிலோ பறவைக்கு ஒரு மில்லிகிராமுக்குள் கணக்கு முடிந்துவிடுகிறது. 2006இல் இந்தியாவில் கால்நடைக்கு டைக்ளோஃபெனாக் தடை செய்யப்பட்டது. ஆனால் மனிதருக்கான 30 மில்லி புட்டி கடையில் கிடைத்தது. ஒரு மில்லிக்கு 25 மில்லிகிராம் வீதம் 750. மனிதருக்கு ஒரு தடவைக்கு வேண்டியது 3 மில்லி. முப்பது மில்லி யாருக்கு என்று கேட்கப் பெரிய அறிவு வேண்டாம். 2015இல் மத்திய அரசு 3 மில்லிக்கு மேற்பட்ட புட்டிகளைத் தடுத்தது. தயாரிப்பாளர்கள் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2017 அக்டோபரில் நீதிமன்றம் தடையை உறுதிசெய்தது. மோயாற்றுப் பள்ளத்தாக்கில் மிச்சமிருக்கும் பாறுகளுக்கு அந்தத் தீர்ப்பில் பங்கு உண்டு. மாட்டு வைத்தியத்துக்கு மெலாக்ஸிகம் இருக்கிறது, அது பாறுகளைக் கொல்வதில்லை என்றும் காட்டிவிட்டார்கள்.

இன்னொன்றும் இருந்தது: அசிக்ளோஃபெனாக். நம் ஊரில் பாரசிட்டமாலோடு சேர்த்து மூட்டுவலிக்கும் பல்வலிக்கும் எழுதித் தரும் மருந்து. அதன் மூலக்கூறு டைக்ளோஃபெனாக்கின் மேல் ஒரு சின்ன ஒட்டு போட்டதுதான். ஈரமும் சூடும் பட்டால் ஒட்டு கழன்றுவிடும். அதனால் ஐரோப்பிய மருந்து நூலின் மாசுப் பட்டியலில் அசிக்ளோஃபெனாக்குக்கு முதல் மாசு, மாசு ‘ஏ’, டைக்ளோஃபெனாக்தான். ஒரே ஆய்வகத்தில், ஒரே குழலில், காலையில் டைக்ளோஃபெனாக் மாத்திரை ஓடும்போது 90க்குக் குறையக் கூடாது என்று காத்திருந்த சிகரம், மாலையில் அசிக்ளோஃபெனாக் ஓடும்போது அடிக்கோட்டைவிட்டு எழும்பிவிடக் கூடாதே என்று பயந்து பார்க்கும் சிகரமாகிவிடும். மூலப்பொருளில் அதற்கு அனுமதி 0.2 விழுக்காடு. அதைத் தாண்டினால் அந்தத் தொகுதி வெளியே போகாது.

அந்த வரம்புக்குள் சுத்தமாகத் தேறிய அசிக்ளோஃபெனாக்கைத்தான் தடைக்குப் பிறகு கால்நடைகளுக்கும் போட்டுக்கொண்டிருந்தார்கள். 2016இல் வெளியான ஓர் ஆய்வில் மாடுகளுக்கு அதைச் செலுத்தி, இரத்தத்தை நேரம் வைத்து எடுத்துப் பார்த்தார்கள். வெகுசீக்கிரத்திலேயே அது டைக்ளோஃபெனாக்காக மாறிவிட்டிருந்தது. கால்நடைகளுக்கு அசிக்ளோஃபெனாக்கும் இன்னொரு வலிமருந்தான கீட்டோப்ரோஃபெனும் கூடாது என்று மத்திய அரசு சொன்னது 2023இல்.